தூண்டல் ஆர்ட்டிஃபாக்ட்: நரம்பின் பதிலை மறைக்கும் மின்துடிப்பு

நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய, அதன் ஓரிடத்தில் சிறு மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்து, சற்றுத் தள்ளி அது எழுப்பும் பதிலைப் பதிவு செய்வார்கள். கொடுக்கும் துடிப்பு பல பத்து வோல்ட். தோலின் மின்தடை கூடினால் 100 வோல்ட்டையும் தாண்டும். உணர்வு நரம்பிலிருந்து வரும் பதிலோ பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோவோல்ட்தான். மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரே கையில், ஒரு சாண் இடைவெளிக்குள், ஒன்றுக்கொன்று ஒரு கோடி மடங்கு வேறுபட்ட இரண்டு மின்னழுத்தங்கள் சில ஆயிரத்தில் ஒரு விநாடி வித்தியாசத்தில் வருகின்றன. இரண்டில் எது உயிரின் குறி, எது கருவி கொடுத்தது என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. வருவதையெல்லாம் அது பெருக்கும். தூண்டிய துடிப்பே பதிவுக்குள் நுழைந்து விட்டுச் செல்லும் போலி அலைக்குத் தூண்டல் ஆர்ட்டிஃபாக்ட் என்று பெயர்.

திருவனந்தபுரத்தில் இந்தச் சிக்கலின் எல்லா வடிவங்களையும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் காணலாம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1976இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம் அங்கே இருக்கிறது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நரம்பு நோய்க்கும் இதய நோய்க்கும் ரயிலேறுகிற தமிழர்களுக்கு அது வெறுமனே ‘ஸ்ரீ சித்ரா’. நரம்பு மின்கடத்தல் சோதனை, வலிப்பு நோய் அறுவை, நடுக்குவாதத்துக்கு மூளைக்குள் மின்முனை பொருத்துதல், இதயத்துக்கு பேஸ்மேக்கர் என எல்லாம் அங்கே நடக்கின்றன. மருத்துவக் கருவிகளை உருவாக்கும் அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்குகிறது. நகரின் இன்னொரு பக்கம் ஆக்குளத்தில், 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமான ‘நிஷ்’ இருக்கிறது. செவிநரம்பை மின்துடிப்பால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். தூண்டலும் பதிவும் ஒரே உடலில் சேரும் இடங்கள் இவை. ஒவ்வொன்றிலும் ஆர்ட்டிஃபாக்ட் ஒவ்வொரு விதமாகத் தலைகாட்டுகிறது.

மின்னியல் ஆம்ப்ளிஃபயர் வருவதற்கு முன்பே ஆய்வாளர்கள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும் வழிகளில் நடந்திருக்கிறார்கள். 1850இல் தவளை நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் நரம்பின் மின்சாரத்தைத் தொடவில்லை. தசை சுருங்கும் நேரத்தைக் கணக்கிட்டார். ஜகதீஷ் சந்திர போஸ் 1902இல் வெளியிட்ட நூலில், தாவரங்களின் மின் பதிலை எழுப்பத் தண்டை முறுக்கி அதிரச் செய்யும் முறையைக் காணலாம். தூண்டல் மின்சாரமாக இல்லாதபோது அது பதிவுக்குள் கசியவும் முடியாது. ஆனால் மனித நரம்பை மருத்துவமனையில் சோதிக்க மின்தூண்டல்தான் துல்லியமான வழி. 1949இல் லண்டனில் டாசனும் ஸ்காட்டும் தோலுக்கு மேலிருந்தே மனித நரம்பின் பதிலைப் பதிவு செய்து காட்டினார்கள். அதிலிருந்து ஆர்ட்டிஃபாக்டும் மருத்துவத்தின் அன்றாடப் பிரச்சினையாயிற்று.

பிரச்சினையின் கடுமை நேரக் கணக்கில் தெரியும். கையின் நரம்பில் செய்தி விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் ஓடுகிறது. மணிக்கட்டில் நடு நரம்பு நெரிபடும் கார்ப்பல் டனல் நோயைக் கண்டறிய, உள்ளங்கையில் தூண்டி 8 சென்டிமீட்டர் தள்ளி மணிக்கட்டில் பதிவு செய்வார்கள். பதில் வந்து சேர 1.6 மில்லிவிநாடி. அதற்குள் தூண்டலின் சுவடு முழுதாக அடங்கியிருக்க வேண்டும். நடு நரம்பின் நேரத்தைப் பக்கத்து அல்நார் நரம்பின் நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் 0.4 மில்லிவிநாடி இருந்தாலே நோய் என்று கருதுகிறார்கள். ஆர்ட்டிஃபாக்டின் வால் அடிக்கோட்டைச் சாய்த்து, பதில் தொடங்கும் புள்ளியை 0.2 மில்லிவிநாடி நகர்த்தினாலும் தீர்ப்பு தடுமாறும். கத்தி வைப்பதா வேண்டாமா என்ற முடிவு அந்தக் கோட்டின் சாய்வில் தொங்குகிறது.

துடிப்பு பதிவுக்குள் நுழையும் வழிகள் பல. முதலாவது நேர்வழி: தூண்டல் முனைகளுக்கிடையே ஓடும் மின்சாரம் உடலெங்கும் பரவுகிறது; அதன் ஒரு சிறு பங்கு பதிவு முனைகளுக்கிடையிலும் மின்னழுத்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது, தூண்டல் கம்பியும் பதிவுக் கம்பியும் அருகருகே கிடந்தால் இடையிலுள்ள காற்றே மின்தேக்கியாகித் துடிப்பைக் கடத்தும். மூன்றாவது, மின்முனைக்கும் தோலுக்கும் இடையில் மின்னூட்டம் தேங்கி, துடிப்பு முடிந்த பிறகும் மெதுவாக வடிவது. நான்காவதுதான் கண்ணுக்குத் தெரியாமல் அதிகக் கேடு செய்வது. தூண்டல் கருவிக்கும் தரைக்கும் இடையே எப்போதும் கொஞ்சம் மின்தேக்கம் இருக்கும். அது 20 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 மைக்ரோவிநாடியில் 100 வோல்ட் ஏறும் துடிப்பு அதன் வழியே 0.2 மில்லிஆம்பியரை ஓட்டும். அந்த மின்சாரம் நோயாளியின் எர்த் முனையின் 5 கிலோஓம் தடை வழியாகத் திரும்பினால், நோயாளியின் உடல் முழுவதும் ஒரு கணம் 1 வோல்ட்டுக்கு எழும்பும்.

இரண்டு பதிவு முனைகளிலும் ஒரே அளவில் வரும் இத்தகைய பொது மின்னழுத்தத்தை ஒதுக்கவே வேறுபாட்டு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் மாத்யூஸ் 1934இல் உயிரியல் பதிவுகளுக்கு அறிமுகப்படுத்திய அந்தச் சுற்று, இரு உள்ளீடுகளின் வித்தியாசத்தை மட்டும் பெருக்கும். 100 டெசிபெல் ஒதுக்கும் திறன் என்றால் பொது மின்னழுத்தம் லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்: 1 வோல்ட் 10 மைக்ரோவோல்ட்டாகும். இதுவே நரம்பின் பதிலுக்குச் சமம். ஆனால் இந்தக் கணக்கு, இரு முனைகளும் தோலை ஒரே மாதிரி தொட்டால் மட்டும். ஒரு முனையின் தடை மற்றதைவிட 5 கிலோஓம் அதிகமாக இருந்து, ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம் ஆனால், அதே 1 வோல்ட் 500 மைக்ரோவோல்ட் போலி வித்தியாசமாக மாறிவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அது உண்மையான வித்தியாசமாகவே உள்ளே வருகிறது. சோதனைக்கூடங்களில் கருவியின் விலைப்பட்டியல் வாங்குகிற கவனத்தில் பாதியாவது தோலைத் துடைக்கிற பஞ்சுக்குக் கிடைக்க வேண்டும்.

கேரளத்தின் கடற்கரை நகரத்தில் இந்தப் பஞ்சுக்கு வேலை அதிகம். இங்கே தோலின் மேல் இரண்டு எதிரெதிரான தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. தினமும் தேய்க்கும் தேங்காயெண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. முனைக்கடியில் ஒரு படலம் மிஞ்சினாலும் தடை ஏறி, முனைக்கு முனை வேறுபடும். மூளை அலைப் பதிவுக்கு வருகிறவர்களைத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்வதற்கு இதுவே காரணம். வியர்வை நேர்மாறானது. உப்பு கலந்த நீர் நல்ல கடத்தி. ஈரக்காற்றில் உலராமல் கையின் மேல் அது படலமாகப் பரவினால், தூண்டல் முனையிலிருந்து பதிவு முனைவரை தோலின் மேலேயே துடிப்புக்குப் பாதை கிடைக்கும். ஸ்பிரிட்டால் எண்ணெயை எடுத்து, சிறிது சொரசொரப்பான பசையால் தோலின் இறந்த மேற்படலத்தை நீக்கி, முனைகளுக்கு இடைப்பட்ட பகுதியை உலரத் துடைக்க வேண்டும். பசையும் முனையின் விளிம்பைத் தாண்டி வழியக்கூடாது. குளிர்சாதனம் வியர்வையைக் குறைக்கும். அதே நேரத்தில் கையையும் குளிர்விக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி குறைய, நரம்பின் வேகம் விநாடிக்கு சுமார் 2 மீட்டர் குறைகிறது. எனவே அறை குளிர்ந்தாலும், கையின் தோல் 32 டிகிரி அளவில் இருக்கும்படி வெதுவெதுப்பாக வைத்துச் சோதிப்பது முறை.

எர்த் முனையை எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். தூண்டும் இடத்துக்கும் பதிவிடத்துக்கும் நடுவில், அகலமான பட்டையாக ஒட்டினால் அது துடிப்பின் பெரும்பகுதியை வழியிலேயே வாங்கிக்கொள்ளும். அடுத்தது, அனுபவமுள்ள தொழில்நுட்பர்களின் கைப்பழக்கம். தூண்டியின் எதிர்முனையை நரம்பின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, நேர்முனையை மட்டும் இப்படியும் அப்படியும் சுழற்றுவார்கள். உடலில் பரவும் மின்புலத்தில் சம மின்னழுத்தக் கோடுகள் உண்டு. சுழற்றும்போது ஏதோ ஒரு கோணத்தில் இரு பதிவு முனைகளும் ஒரே கோட்டின் மேல் வந்துவிடும். அப்போது திரையில் ஆர்ட்டிஃபாக்ட் சட்டெனச் சுருங்குவதைக் காணலாம். நரம்பைத் தூண்டுவது எதிர்முனைதான் என்பதால் பதில் கெடுவதில்லை. செலவில்லாத இந்த உத்தியை விஞ்ச மென்பொருள் எதுவும் இல்லை.

தூண்டல் கருவியின் பக்கம் வேண்டியது தனிமைப்படுத்தல். கருவியின் வெளியீடு தரையோடு தொடர்பின்றி, மின்மாற்றி வழியாகவோ ஒளி வழியாகவோ மட்டும் ஆணை பெற வேண்டும். அப்போது துடிப்பின் மின்சாரம் இரு தூண்டல் முனைகளுக்குள்ளேயே சுற்றி முடியும். மேலே சொன்ன 20 பிக்கோஃபாரட் இன்னும் குறையும். நோயாளிக்கு மின்கசிவு ஆபத்தைத் தவிர்ப்பதும் இதே ஏற்பாடுதான்.

இத்தனைக்கும் பிறகு உள்ளே வரும் எச்சத்தை ஆம்ப்ளிஃபயர் எப்படி நடத்துகிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 1000 மடங்கு பெருக்கும், வெளியீடு 10 வோல்ட்டைத் தாண்ட முடியாத ஆம்ப்ளிஃபயர் 10 மில்லிவோல்ட் உள்ளீட்டுக்கு மேல் எதையும் காட்டாது. உச்சத்தில் முட்டி நிற்கும். அந்த நேரத்தில் நரம்பின் பதில் வந்தாலும் வராததற்குச் சமம். முட்டல் நீங்கிய பிறகும், உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஏறிய மின்னூட்டம் வடியும்வரை கோடு பழைய இடத்துக்குத் திரும்பாது. முட்டி நின்ற ஆம்ப்ளிஃபயரில் தொலைந்த செய்தியை எந்தக் கணிப்பாலும் மீட்க இயலாது.

முட்டாத ஆம்ப்ளிஃபயரிலும் வடிகட்டி ஒரு வாலை உண்டாக்கும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் எளிய வடிகட்டியின் காலமாறிலி 8 மில்லிவிநாடி. அதன் வழியே 1 மில்லிவோல்ட் உயரமும் 0.1 மில்லிவிநாடி அகலமும் கொண்ட துடிப்பு போனால், துடிப்பு முடிந்ததும் கோடு எதிர்ப்பக்கம் 12.5 மைக்ரோவோல்ட் இறங்கி, 8 மில்லிவிநாடி காலமாறிலியோடு மெல்ல ஏறும். 1.6 மில்லிவிநாடியில் வரவேண்டிய பதில் அந்தச் சரிவின் மேல்தான் உட்கார வேண்டும். வெட்டும் எல்லையை 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இறக்கம் 1.25 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கி, 80 மில்லிவிநாடிக்கு நீண்டு, பதிவு செய்யும் நேரத்துக்குள் ஏறக்குறைய தட்டையான கோடாகவே தெரியும். கோடு ஆடுகிறதே என்று வடிகட்டியை இறுக்கும் புதியவர்கள், ஆர்ட்டிஃபாக்டை அகற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைப் பதிலின் மேலேயே பரப்பிவிடுகிறார்கள். துடிப்பிலும் நரம்பின் பதிலிலும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண்கள் இருப்பதால், இங்கே வடிகட்டி இரண்டையும் பிரிக்காது.

ஆகவே வேறொரு வழி வந்தது. துடிப்பு ஓடும் நேரத்துக்கு மட்டும் ஆம்ப்ளிஃபயரின் உள்வாயிலை ஒரு மின் சுவிட்சால் மூடி, அதற்கு முன்பிருந்த மின்னழுத்தத்தை ஒரு மின்தேக்கியில் பிடித்து வைத்து, துடிப்பு போனதும் திறப்பது. வேறு சில சுற்றுகள் அந்த நேரத்துக்குப் பெருக்கத்தைக் குறைக்கும். சில, மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை விரைந்து வடித்துவிடும். சுவிட்சு மூடித் திறப்பதே ஒரு சிறு குதிப்பை உண்டாக்கும் என்பது இந்த முறையின் குறை. சீக்கிரம் திறந்தால் ஆர்ட்டிஃபாக்டின் வால் நுழையும். தாமதித்தால் பதிலின் தொடக்கம் வெட்டுப்படும். இக்காலக் கருவிகள் பல, குறைவாகப் பெருக்கி 24 பிட் மாற்றியால் எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடுகின்றன. 24 பிட் என்பது 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். கடைசிச் சில பிட்கள் இரைச்சலில் மூழ்கினாலும், துடிப்பையும் பதிலையும் முட்டாமல் ஒரே பதிவில் அடக்க முடிகிறது. அப்படி அடக்கிய பிறகுதான் கணினிக்கு வேலை.

கணினி முறைகளில் சராசரி எடுப்பது முதலில் நினைவுக்கு வரும். நூற்றுக்கணக்கான பதில்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற இரைச்சல் குறையும். தண்டுவட அறுவையின்போது மணிக்கட்டைத் தூண்டி மூளையின் பதிலைக் கண்காணிப்பது இப்படித்தான். ஆனால் ஆர்ட்டிஃபாக்ட் ஒவ்வொரு முறையும் தூண்டலோடு ஒட்டி அதே நேரத்தில் வருவதால் சராசரியில் சற்றும் குறையாது. துருவத்தை மாற்றி மாற்றித் தூண்டிக் கூட்டினால், தலைகீழாகும் ஆர்ட்டிஃபாக்ட் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நரம்பின் பதில் தலைகீழாகாது. புத்திசாலித்தனமான முறைதான். ஆனால் துருவம் மாறும்போது நரம்பு தூண்டப்படும் இடமும் மாறுகிறது. முனைகளின் இடைவெளி 3 சென்டிமீட்டர் என்றால் பதில் 0.6 மில்லிவிநாடி நகரும். 0.4 மில்லிவிநாடியில் தீர்ப்புச் சொல்லும் கார்ப்பல் டனல் சோதனையில் இதை அனுமதிக்க முடியாது. நரம்பு விழிக்காத அளவு சிறிய துடிப்பால் ஆர்ட்டிஃபாக்டை மட்டும் பதிவு செய்து, பெருக்கிக் கழிப்பது இன்னொன்று. 4 மில்லிஆம்பியரில் எடுத்த பதிவை 5 மடங்காக்கினால் 20 மில்லிஆம்பியரின் ஆர்ட்டிஃபாக்ட் கிடைக்க வேண்டும். கூடவே இரைச்சலும் 5 மடங்காகும். தோலும் மின்முனையும் சேருமிடம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதமாக நடந்துகொள்வதும் இல்லை.

இந்த எல்லாவற்றிலும் அழகானது காக்ளியர் இம்ப்ளான்டுக்காக வந்த முறை. கேரள அரசின் ‘சுருதிதரங்கம்’ திட்டம் காது கேளாத சிறு குழந்தைகளுக்கு இந்தக் கருவியைப் பொருத்த உதவுகிறது. ‘கேட்கிறதா’ என்று கேட்டால் ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எனவே செவிநரம்பையே கேட்க வேண்டும். உட்செவியில் ஒரு முனை தூண்ட, அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளியுள்ள முனை பதிவு செய்யும். பதில் அரை மில்லிவிநாடிக்குள் வந்துவிடும். 1990இல் பிரவுனும் அபாஸும் சக ஆய்வாளர்களும் நரம்பின் இயல்பையே இதற்குப் பயன்படுத்தினார்கள். ஒருமுறை கிளர்ந்த நரம்பு அடுத்த சில நூறு மைக்ரோவிநாடிகளுக்கு மறுபடி கிளராது. முதலில் சோதனைத் துடிப்பை மட்டும் கொடுத்துப் பதிவு செய்தால் ஆர்ட்டிஃபாக்டும் பதிலும் கலந்து வரும். பிறகு ஒரு மறைப்புத் துடிப்பைக் கொடுத்து, நரம்பு மறுபடி கிளர முடியாதிருக்கும்போதே சோதனைத் துடிப்பைக் கொடுத்தால் அதற்கு ஆர்ட்டிஃபாக்ட் மட்டும் வரும், பதில் வராது. மறைப்புத் துடிப்பின் பங்கை அறிய அதைத் தனியாகவும் பதிவு செய்துகொள்வார்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் சுத்தமான ஆர்ட்டிஃபாக்ட். அதை முதலாவதிலிருந்து கழித்தால் சுத்தமான நரம்புப் பதில். ஒரு துடிப்பின் அளவை இன்னொன்றாகப் பெருக்கிக் காட்டும் ஊகம் எதுவும் இதில் இல்லை.

பேஸ்மேக்கரில் ஆர்ட்டிஃபாக்ட் உயிரோடு விளையாடும். இரட்டை அறை பேஸ்மேக்கர் மேலறைக்குச் சில வோல்ட் துடிப்பைக் கொடுத்துவிட்டு, கீழறை தானாகத் துடிக்கிறதா என்று மில்லிவோல்ட் அளவில் கவனிக்கிறது. மேலறைக்குக் கொடுத்த துடிப்பையே கீழறையின் துடிப்பென்று அது எடுத்துக்கொண்டால், கொடுக்க வேண்டிய துடிப்பைக் கொடுக்காது. சுயமாகத் துடிக்காத இதயம் நின்றுபோகும். எனவே மேலறைத் துடிப்புக்குப் பின் 20 முதல் 50 மில்லிவிநாடி வரை கீழறையின் உணர்சுற்று மூடியே இருக்கும். மூடித் திறந்த உடனே ஐயத்துக்குரிய ஏதாவது தெரிந்தால், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஒரு பாதுகாப்புத் துடிப்பை அது கொடுத்துவிடும்.

நடுக்குவாத நோயாளியின் மூளைக்குள் பொருத்தும் கருவியில் தூண்டல் ஓய்வதே இல்லை. விநாடிக்கு 130 முறை, ஒவ்வொன்றும் 60 மைக்ரோவிநாடி அகலம், சில வோல்ட். அதே கம்பியால் மூளையின் சில மைக்ரோவோல்ட் அலையையும் கேட்டு, நோயின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தூண்டலை மாற்றும் கருவிகள் 2020 முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. இங்கே வடிகட்டி உதவும். நோயோடு தொடர்புள்ள பீட்டா அலைகள் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை. தூண்டல் 130இல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஆம்ப்ளிஃபயர் முட்டாமல் இருக்க வேண்டும். அதற்காக, தூண்டும் முனைக்கு இருபுறமும் சம தொலைவிலுள்ள இரு முனைகளிலிருந்து பதிவு எடுக்கிறார்கள். தூண்டல் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து, வேறுபாட்டு ஆம்ப்ளிஃபயரில் ஒதுங்கிவிடும். நான்கு முனைகள் வரிசையாக உள்ள கம்பியில் இந்தச் சமச்சீர் நடுவிலுள்ள இரண்டுக்கு மட்டுமே அமையும். நோயாளிக்கு நல்ல பலன் தரும் முனை ஓரத்தில் அமைந்துவிட்டால், தூண்டிக்கொண்டே கேட்கும் வசதி அவருக்குக் கிடைப்பதில்லை.